பழைய ஜென், எஸ்டீம் வாங்கிச் சரிசெய்து விற்பது எப்படி: வேலூர்ப் பக்கத்துப் புதியவர்களுக்கு

இன்ஜின் ஓடாத காரைத் தைரியமாக வாங்கலாம். துருப்பிடித்த காரையும் பேப்பர் சரியில்லாத காரையும் சும்மா கொடுத்தாலும் வாங்க வேண்டாம். கையில் பணம் குறைவு என்றால் இந்தக் கணக்கை விடாதீர்கள்.

எந்தக் கார்?

முதல் காருக்கு 1993-ல் வந்த பழைய மாருதி ஜென், இல்லையென்றால் எஸ்டீம். இரண்டுக்கும் இன்னும் ரசிகர்கள் உண்டு, எல்லா மெக்கானிக்குக்கும் கை பழகிய வண்டிகள். வேலூரில் கிடைக்காத சாமானுக்குச் சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன. கான்டெஸா, பத்மினி மாதிரி இன்னும் பழைய கார்கள் எல்லாம் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு கதவுக் கைப்பிடிக்கே ஊர் ஊராக அலைய வேண்டி வரும். அது இரண்டாவது, மூன்றாவது காருக்கு.

என்ன விலைக்கு விற்கும் என்பதை முதலில் எழுதுங்கள். அதில் கால் பங்கைத் தள்ளிவிட்டு, மீதியில் வாங்கும் விலை, வேலை, பேப்பர் மூன்றும் அடங்குகிறதா பாருங்கள். அடங்கவில்லையா, அடுத்த கார்.

பேப்பர்

காரைப் பார்க்கப் போகும் முன்பே நம்பரை வாங்கி எம்பரிவாகன் செயலியில் போடுங்கள். யார் பெயர், எஃப்.சி. (தகுதிச் சான்று) எதுவரை, லோன் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். லோன் கட்டி முடித்திருந்தாலும், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) அதை நீக்காமல் விட்டவர்கள் ஏராளம். லோன் முடிந்ததற்கான வங்கிச் சான்றும், அதை ஆர்.சி.யில் நீக்குவதற்கான படிவம் 35-ம் இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சொந்தக் காருக்கு 15 வருடம் முடிந்தால் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அப்புறம் 5 வருடத்துக்கு ஒருமுறை. இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பழைய ஜென் எல்லாமே இந்த வயதுதான். பசுமை வரி தனி.

காட்பாடி தாண்டினால் சித்தூர் என்பதால் ஏ.பி. 03 என்ற ஆந்திரப் பதிவு வண்டிகள் நம் பக்கம் மலிவாக வரும். அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே வரி கட்டி, டி.என். நம்பர் மாற்றும் செலவைக் கூட்டினால் அந்த மலிவு பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

பாடி

இங்கேதான் நேரம் செலவழியுங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பக்கம், ரன்னிங் போர்டு, சக்கர வளைவு எல்லா இடத்திலும் ஓட்டுங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் பெயின்டுக்கு அடியில் பட்டி, அதாவது பள்ளத்தையும் துருவையும் மறைக்கப் பூசிய பசை. டிக்கி மேட்டைத் தூக்கி ஸ்டெப்னி குழியைப் பாருங்கள். பானட்டுக்குள் பேட்டரித் தட்டுக்கு அடியிலும், சஸ்பென்ஷன் மேலே வந்து உட்காரும் இடத்திலும் டார்ச் அடியுங்கள். அந்த இடம் அரித்திருந்தால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். கடற்கரையை ஒட்டி நின்ற சென்னை வண்டியைவிட, குடியாத்தத்திலோ ஆற்காட்டிலோ ஒரே வீட்டில் நின்ற வண்டிக்குப் பொதுவாகத் துரு குறைவு. அதற்காக ஆயிரம் இரண்டாயிரம் கூடக் கொடுக்கலாம்.

இன்ஜின்

காலையில் போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்பு) சந்தேகம். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, அது சின்ன வேலை.

நம் ஊர் வெயிலில் இன்ஜினுக்கு எமன் சூடுதான். ஜென்னின் பிளாக், ஹெட் இரண்டும் அலுமினியம். ஒருமுறை கொதித்தாலே ஹெட் வளைந்துவிடக்கூடும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றி உப்புப் படிந்திருந்தால், அதையே காட்டி விலையைக் குறையுங்கள்.

வேலை வரிசை

வாங்கியதும் டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், ரேடியேட்டர் குழாய்கள், தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வு) எல்லாம் மாற்றுங்கள். சூட்டுக்குப் பயந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இங்கே வழக்கம், நீங்கள் திரும்பப் போடுங்கள். அடுத்து பிரேக், டயர். டயர் ஓரத்தில் 2319 என்று இருந்தால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் (டயரின் மேடு பள்ளம்) தேயாமல் இருந்தாலும் வயதானதை மாற்றுங்கள். பிறகு வயரிங், டிங்கரிங் (தகரம் நெளிவெடுக்கும் வேலை), கடைசியில் பெயின்ட்.

பெயின்ட் தேவைப்பட்ட பகுதிக்கு மட்டும். முழுக்கப் புதுப் பெயின்ட் அடித்த பழைய காரை விவரம் தெரிந்தவர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் மலிவாகக் கிடைக்கிறதே என்று சீட்டுக்குத் தோல் போடத் தோன்றும். எனக்கு அது பிடிப்பதில்லை. மே மாதத்தில் உட்கார முடியாது, தேடி வருபவருக்கும் கம்பெனித் துணிதான் வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் ஏலகிரி ஏறுங்கள். 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் டெம்பரேச்சர் முள் நடுவில் நின்றால் விளம்பரம் போடலாம்.

விற்பது

மாற்றிய பாகங்களின் பில்லை ஒரு ஃபைலில் போட்டுக் கொடுங்கள், பேரம் பாதியாகக் குறையும். முதல் ஓனரின் கையெழுத்திட்ட வெற்றுப் படிவத்தை வைத்துக்கொண்டே கைமாற்றிவிடும் பழக்கம் வேண்டாம். உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே விற்பனை செய்யுங்கள். விற்றதும் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாறியதைச் செயலியில் பாருங்கள். விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லிவிட்டது. இதையே தொழிலாக்கப் போகிறீர்கள் என்றால், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி ஆர்.டி.ஓ.விடம் டீலர் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும்.