முட்டைக் கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள்

ஏராளமாக முட்டையிடும் உயிரினத்துக்கு அழிவே வராது என்று பலர் நம்புகிறார்கள். நன்கு வளர்ந்த ஒரு காட் மீன் ஒரே பருவத்தில் பல லட்சம் முட்டைகள் இடும். அப்படிப்பட்ட மீனே நியூஃபவுண்ட்லாந்து கடலில் வழித்தெடுக்கப்பட்டு, 1992-இல் கனடா அரசு அதைப் பிடிக்கத் தடை விதித்தது. தடை 30 ஆண்டுகளைத் தாண்டி நீடித்தது. முட்டைகளும் குஞ்சுகளும் பெரும்பாலும் இரையாகிவிடும். இனத்தைத் தாங்குபவை ஆண்டுதோறும் முட்டையிடும் பெரிய மீன்கள். வலைகள் வாரியதும் அவற்றைத்தான்.

குறைவாகக் குட்டி போடும் விலங்கு அயல்நாட்டில் பெருகித் தொல்லை தராது என்பதும் தவறு. ஒட்டகம் ஏறக்குறைய 13 மாதம் சினையாக இருந்து ஒரு குட்டிதான் ஈனும். சுமை தூக்க ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள். மோட்டார் வண்டிகள் வந்ததும் அவிழ்த்துவிட்டார்கள். பிறகு அது லட்சக்கணக்கில் பெருகியது. வளர்ந்த ஒட்டகத்தை அடித்துத் தின்ன அங்கே விலங்கு இல்லை. பிறப்பு குறைவுதான், சாவு அதைவிடக் குறைவு.

நல்லெண்ணத்தோடு செய்யப்படும் தவறு ஒன்றும் உண்டு: கடற்கரையில் ஆமை முட்டைகளைக் காத்துவிட்டால் போதும் என்று இருந்துவிடுவது. பெருந்தலை ஆமை முட்டையிடும் பருவத்தை எட்ட 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். அமெரிக்கக் கடற்கரை ஆமைகளைப் பற்றி 1987-இல் வெளியான ஒரு கணக்கீடு பலரைத் திடுக்கிட வைத்தது. ஒரு முட்டைகூட வீணாகாமல் பார்த்துக்கொண்டாலும் எண்ணிக்கை சரிவது நிற்காது. ஓரளவு வளர்ந்த இளம் ஆமைகளின் சாவைக் குறைத்தால்தான் நிலைமை திரும்பும் என்றது அது. அவை இறால் வலைகளில் சிக்கி, மேலே வந்து மூச்சுவிட வழியின்றி மூழ்கிச் செத்துக்கொண்டிருந்தன. வலைக்குள் சாய்வாகக் கம்பிச் சட்டம் பொருத்தினால் இறால் இடுக்குகள் வழியே உள்ளே போய்விடும், ஆமை சட்டத்தில் முட்டி மேலேயோ கீழேயோ உள்ள திறப்பில் வெளியேறிவிடும். முட்டைகளைக் காப்பது வீண் வேலையல்ல; வலையைக் கவனிக்காமல் அதை மட்டும் செய்வதுதான் வீண்.

கடைசியாக, மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு. 'ஒன்றைத்தானே குளத்தில் விட்டேன், ஜோடியில்லாமல் எப்படிப் பெருகும்?' என்பார்கள். இரக்கம் என்ற பெயரில் நடக்கும் இந்த வேலை எனக்கு எரிச்சலூட்டுகிறது. 1990-களில் ஜெர்மனியின் மீன்தொட்டி வியாபாரத்தில் தலைகாட்டிய பளிங்கு கிரேஃபிஷ் (மீனல்ல, இறால் போன்ற நன்னீர் உயிரினம்) முழுக்கப் பெண் இனம். ஆண் துணையின்றி ஒவ்வொன்றும் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பொரிப்பவை அனைத்தும் தாயின் நகல்கள். மடகாஸ்கரின் ஆறுகளிலும் நெல்வயல்களிலும் அது இப்போது பரவிக் கிடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் அதை விற்பதையும் வளர்ப்பதையும் தடைசெய்யும் பட்டியலில் 2016-இல் சேர்த்தது.