பேச்சுச்செயல் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாக்குக் கொடுப்பது, எச்சரிப்பது போல, ஒன்றைச் சொல்வதாலேயே செய்து முடிக்கிற செயல்தான் பேச்சுச்செயல். இதைப் பற்றிக் கோவை, ஈரோட்டுப் பக்கத்து முதுகலை மாணவர்கள் எழுதும் ஆய்வேடுகளைப் படித்தால், நாங்கள் அந்தக் காலத்தில் செய்த பிழைகளே திரும்ப வருகின்றன. ஆண்டு மாறுவது, பெயர் பிசகுவது எல்லாம் வழிகாட்டி பார்த்துக்கொள்வார். விட்டுவிடுகிறேன்.

வினைச்சொல்லை வைத்துத் தேடுவது

இந்தக் கோட்பாட்டைத் தொடங்கிவைத்த ஆங்கிலேய மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் 1955இல் ஹார்வர்டில் பேசத் தொடங்கியபோது 'பந்தயம் கட்டுகிறேன்' போன்ற தன்மை நிகழ்கால வாக்கியங்களைத்தான் எடுத்துக்கொண்டார். அந்த வாக்கிய வடிவம் இருந்தால்தான் செயல் என்ற அளவுகோல் போதாதென்று உரைத்தொடரின் நடுவிலேயே அவரே கைவிட்டார். நம் ஆட்கள் முதல் உரையோடு நின்றுவிடுகிறார்கள். "நாளைக்கு வந்தர்றேனுங்க" என்பதில் 'உறுதியளிக்கிறேன்' எங்கே இருக்கிறது?

வாய் திறந்தால்தான் செயல் என்பது

துண்டுக்குள் விரல் பிடித்து மாட்டுக்கு விலை பேசுகிறவர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

விளைவைச் செயல் என்று எழுதுவது

இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழா மாட்டுச் சந்தையில் ஒரு மாணவர் தரகர் பேச்சைப் பதிவு செய்து வந்தார். அருமையான பதிவு. அதில் ஒரு தரகர் இரண்டு பேரிடம் ஒரே வார்த்தையைச் சொல்கிறார்: "ஏனுங்கண்ணா, இந்த வெலைக்கு மேல யாரும் வரமாட்டாங்க, பாத்துக்குங்க." ஒருவர் மாட்டைக் கொடுத்துவிட்டார். இன்னொருவர் முறைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். மாணவர் முதலதைச் 'சம்மதிக்க வைத்தல்' என்றும், அடுத்ததைக் 'கோபப்படுத்தல்' என்றும் அட்டவணையில் எழுதியிருந்தார்.

தரகர் இரண்டு இடத்திலும் செய்தது ஒன்றுதான், எச்சரிக்கை. அது எச்சரிக்கை என்று கேட்டவருக்குப் புரிந்ததும் செயல் முடிந்தது. இணங்குவதும் முறைப்பதும் அப்புறம் நடப்பவை. ஆஸ்டின் அவற்றைத் தனியாகவே பிரித்து வைத்தார். அட்டவணை முழுக்க இதே குழப்பம். வாய்மொழித் தேர்வு நெருங்கும் நேரத்தில் எல்லாப் பதிவையும் முதலிலிருந்து கேட்க வேண்டியதாயிற்று. சொன்னால் கேட்டால்தானே!

செயலா விளைவா என்று சந்தேகம் வந்தால், வினைக்கு முன் 'இதனால்' (அதாவது, இந்தச் சொல்லாலேயே) சேர்த்துப் பாருங்கள். 'இதனால் எச்சரிக்கிறேன்' நிற்கும். 'இதனால் உங்களைச் சம்மதிக்க வைக்கிறேன்' என்று எந்தத் தரகரும் சொல்ல முடியாது. இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம்: 'இதனால் பெருமையடிக்கிறேன்' என்று யாரும் சொல்வதில்லை, ஆனாலும் பெருமையடிப்பது பேச்சுச்செயல்தான்.

பொய் வாக்கு வாக்கே இல்லை என்பது

வாக்குதான். மனதில் எண்ணமே இல்லாமல் கொடுத்தாலும் கொடுத்தது கொடுத்ததே. அதனால்தான் மறுநாள் வாசலில் வந்து நிற்கிறார்கள். கொப்பரை ஏலத்தை முடிக்க அதிகாரமில்லாத ஒருவர் 'முடிந்தது' என்றால் கதை வேறு, அங்கே செயலே நடக்கவில்லை. இரண்டையும் 'தோல்வி' என்ற ஒரே கட்டத்தில் போடாதீர்கள்.