ஏரியாவில் கூட்டம் போடப் போகிறீர்களா? நாங்கள் செய்த தப்பையெல்லாம் முதலில் கேளுங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை 11 மணி. அறுபது நாற்காலி வாடகைக்கு எடுத்து, ஷாமியானா கட்டி, மைக் செட்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி பாதி விலைக்குப் பேசி, எல்லாம் தயார். வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் நாலு பேர் நாங்களே, ஒருவர் மைக் செட்காரர். பெங்களூரில் லிங்கராஜபுரம் பக்கம் ராஜகாலுவே, அதாவது பெரிய மழைநீர்க் கால்வாய், ஓரமாக இருக்கிற ஒரு சந்து அது. மழை பெய்தால் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது, அதைப் பற்றித்தான் கூட்டம், அந்தச் சந்தில் இருக்கிற எல்லாருக்கும் அதுதான் தலையாய பிரச்சினை, ஆனாலும் யாரும் வரவில்லை. ஏன் என்று ஒரு அக்காவிடம் கேட்டேன். கையில் குடத்தோடு நின்றபடியே சொன்னார்: "இன்னிக்கு காவிரி விடுற நாளுப்பா, தெரியாதா?"

தெரியாது. அதுதான் முதல் தப்பு. எங்களுக்கு லீவு என்பதால் ஞாயிறு காலை என்று முடிவு செய்தோம். அந்தச் சந்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்திலிருந்து பன்னிரண்டு வரை தண்ணீர் வரும், அந்த ஞாயிறு வருகிற நாள். போதாததற்குப் பாதி வீடுகள் சர்ச்சுக்குப் போகிறவை. பௌரகார்மிகர்கள், அதாவது மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள், காலை ஆறரைக்கெல்லாம் வேலையில் நிற்க வேண்டும், மத்தியானத்துக்கு மேல்தான் வீடு. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை போவார்கள், நடுவில் மூன்று மணியிலிருந்து நாலரை வரைதான் கொஞ்சம் காலை நீட்ட முடியும். ஆட்டோக்காரர்களுக்கு அவரவர் ஷிப்ட். இதையெல்லாம் முதலில் ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள், பிறகு தேதி குறியுங்கள். இன்னொன்றும் செய்யலாம், நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்: தனியாகக் கூட்டம் போடாமல் ஏற்கெனவே கூடுகிற இடத்துக்கு நீங்கள் போங்கள். மகளிர் சங்கத்தில் தவணை கட்ட மாதம் ஒரு நாள் எல்லாரும் வருவார்கள், சீட்டு ஏலத்துக்கு இன்னும் அதிகம் பேர் வருவார்கள். அங்கே இருபது நிமிடம் கேட்டு வாங்கினால் போதும், நாற்காலி வாடகையும் மிச்சம்.

அடுத்தது இடம். மிஷன் ரோடு எஸ்.சி.எம். ஹவுஸ், செயின்ட் மார்க்ஸ் ரோடு ஆசீர்வாத், இந்த இரண்டு இடங்களிலும் இந்த ஊரின் எத்தனையோ நல்ல கூட்டங்கள் நடந்திருக்கின்றன, நானும் அங்கேதான் நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் ஒரு வருடம் தொடர்ந்து போய்ப் பாருங்கள், அதே நாற்பது முகங்கள்தான், நாமும் அதில் ஒருவர். சந்தில் நடக்கிற விஷயத்தைப் பேச சந்துக்காரர்களை ஊருக்கு நடுவே கூப்பிடுவதில் என்ன நியாயம்? 2023 ஜூனில் சக்தி திட்டம் வந்த பிறகு கர்நாடக முகவரி உள்ள பெண்களுக்கு சாதாரண பஸ்ஸில் கட்டணம் கிடையாதுதான், சரி, ஆனால் அரை நாள் போகிறதே, அதற்கு யார் சம்பளம் கொடுப்பது?

இப்போது மொழி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊர்த் தமிழர்கள் இதில்தான் அதிகம் சறுக்குகிறோம்.

நாங்கள் முதலில் அடித்த நோட்டீஸ் முழுக்கத் தமிழில் இருந்தது. சந்தில் பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள்தானே என்ற நினைப்பு. ஆனால் முனை வீடு கன்னடக் குடும்பம், அதை ஒட்டி உருது பேசும் மெக்கானிக், பின்பக்கம் தெலுங்கு பேசுகிற பௌரகார்மிகர்கள் நாலு வீடு. முனை வீட்டு அம்மா நோட்டீஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நிம்ம தமிழ் சங்கத ப்ரோக்ராமா?" என்று கேட்டார். கோபமெல்லாம் இல்லை, நமக்கில்லை போலிருக்கிறது என்கிற தொனி. போன மழைக்கு அவர் வீட்டில்தான் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அவருடைய பீரோவின் கீழ்த்தட்டு துருப்பிடித்துப் பெயர்ந்து கிடந்ததை நானே பார்த்தேன். அவரைத்தான் கூட்டத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தோம்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. வெளியிலிருந்து உதவிக்கு வந்த தம்பிகள், நல்ல பிள்ளைகள்தான், முழுக்க ஆங்கிலத்தில் ஸ்லைடு போட்டு 'ஸ்டேக்ஹோல்டர்', 'இன்டர்வென்ஷன்' என்று பேசினார்கள். பாட்டி ஒருவர் என் காதில் "இவங்க இன்ஷூரன்ஸ் விக்கிறாங்களா?" என்றார். சந்தில் மக்கள் தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுகிறார்கள், அதே மாதிரி பேசிவிட்டுப் போங்கள், யாருக்கும் இலக்கணப் பரீட்சை இல்லை. நோட்டீஸ் மட்டும் கன்னடம் மேலே, தமிழ் கீழே, முடிந்தால் உருது ஓரமாக.

மனு கண்டிப்பாகக் கன்னடத்தில்தான் இருக்க வேண்டும். முதல் மனுவை ஆங்கிலத்தில் நாலு பக்கம் எழுதி அலுவலகத்துக்குக் கொண்டுபோனோம், மேஜைக்காரர் புரட்டிப் பார்த்து ஒரு கட்டின் அடியில் செருகினார், அவ்வளவுதான். இரண்டாவது முறை பத்தாவது படிக்கும் ஒரு பெண் கன்னடத்தில் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள். அதே ஆள் எங்கள் முன்னாலேயே முழுதாகப் படித்தார், படித்துவிட்டு "கால்வாயில் எந்தப் பக்கத்துச் சுவர் உடைந்திருக்கிறது?" என்று கேட்டார். அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

இந்த ஊரில் 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவிரிப் பிரச்சினை எப்படி வெடித்தது என்று மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலை 1991லிருந்து 18 வருடம் மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்டில் இங்கே வள்ளுவரைத் திறந்தபோது, அதே மாதம் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையையும் திறந்தார்கள், அப்படித்தான் அது நடந்தது. அதனால் காவிரி சூடாக இருக்கிற வாரத்தில் தெருக்கூட்டத்தைத் தள்ளிப் போடுங்கள். இதைக் கோழைத்தனம் என்று ஒரு நண்பர் என்னிடம் சண்டை போட்டார். பேசிவிட்டு ஆட்டோ ஏறிப் போகிறவருக்கு அது தைரியம்தான், தமிழ்ப் பலகை மாட்டிய கடையை மறுநாள் திறக்கப் போகிறவரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

சரி, அடுத்து கோரிக்கை. எங்கள் கூட்டம் சாக்கடைச் சுவரில் ஆரம்பித்தது. ஒருவர் ரேஷன் கார்டைச் சேர்க்கச் சொன்னார், இன்னொருவர் விளையாட்டு மைதானம், அப்புறம் தெருவிளக்கு, நாய்த் தொல்லை, கடைசியில் 14 கோரிக்கைகள், பதினான்காவது ஏறக்குறைய உலக சமாதானம். என்ன ஆயிற்று தெரியுமா? பதினான்கில் சுலபமான ஒன்றை, அதாவது தெருவிளக்கு பல்பை, மாற்றிவிட்டு "உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது" என்று சொல்லிவிட்டார்கள். சாளுக்கிய சர்க்கிளிலிருந்து ஹெப்பாள் வரை 1,791 கோடி ரூபாயில் இரும்பு மேம்பாலம் என்று அறிவித்தபோது 2016 அக்டோபரில் மக்கள் சாலையோரம் கைகோத்து நின்றார்களே, அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: ஸ்டீல் ஃப்ளைஓவர் பேடா (வேண்டாம்). 2017 மார்ச்சில் அந்தத் திட்டத்தை அரசு கைவிட்டது. நின்றவர்களுக்குள் ஆயிரம் கருத்து வேறுபாடு இருந்திருக்கும், அதையெல்லாம் அட்டையில் எழுதவில்லை.

அந்த மாதிரி சாலையில் நிற்பது இப்போது அவ்வளவு சுலபம் இல்லை. 2021ல் வந்த உத்தரவுப்படி பெங்களூரில் போராட்டம், ஊர்வலம் என்றால் ஃப்ரீடம் பார்க் மட்டும்தான், அதற்கும் முன்கூட்டியே போலீஸ் அனுமதி வேண்டும். பழைய மத்திய சிறைதான் அந்தப் பார்க், அதில் உள்ள நையாண்டியை நீங்களே ரசித்துக்கொள்ளுங்கள். டவுன் ஹால் படிக்கட்டில் நினைத்தவுடன் கூடிய காலத்தை மனதில் வைத்துக்கொண்டு யாரையாவது அங்கே வரச் சொன்னால், போலீஸ் பஸ்ஸில் ஏறப்போவது நீங்கள் மட்டும் இல்லை, உங்களை நம்பி முதல்முறை வந்த பெண்ணும்தான். உத்தரவு சரியில்லை என்று வாதாடுங்கள், நானும் வருகிறேன். ஆனால் வருகிறவர்களிடம் விஷயத்தைச் சொல்லாமல் கூப்பிடாதீர்கள். சந்துக்குள் சின்னக் கூட்டம் என்றாலும் மைக் இருந்தால் ஸ்டேஷனில் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள்: யார், எத்தனை பேர், எத்தனை மணி. இரண்டு பிரதி, ஒன்றில் சீல் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது நாடு முழுக்க உள்ள விதி.

பிளெக்ஸ் வேண்டாம். 2018 ஆகஸ்டில் ஹைகோர்ட் கேட்ட கேள்வியில் ஊரெல்லாம் பிளெக்ஸைக் கழற்றினார்கள், ஆனாலும் நமக்கு ஆசை விடுகிறதா? எங்களிடம் இருந்த 5,000 ரூபாயில் 1,800 அதற்கே போனது. அதில் யார் படம் பெரிதாக, யார் படம் ஓரமாக என்று மூன்று நாள் மனஸ்தாபம் வேறு. அம்பேத்கர் படம் ஒன்று போதும் என்று ஒருவர் முடித்து வைத்தார்.

சிறப்பு விருந்தினர் விஷயத்தில் ஒரு சின்னத் தந்திரம். மாநகராட்சிக் கவுன்சிலின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்த பிறகு வருடக்கணக்கில் தேர்தலே இல்லாமல் ஓடியதால் மாஜி கார்ப்பரேட்டர்களுக்கு மேடை தேவைப்படுகிறது, கூப்பிடாமலே வருவார்கள். முதலில் பேச விட்டால் நாற்பது நிமிடம் பேசி, மாலையோடு கிளம்பிவிடுவார்கள். கடைசியில் பேச வையுங்கள். அதற்குள் எட்டுப் பெண்கள் பேசுவதை அவர் உட்கார்ந்து கேட்டாக வேண்டும்.

சொல்லக் கஷ்டமான ஒன்றும் இருக்கிறது. இரண்டாவது கூட்டத்தில் ஒரு அக்கா அருமையாகப் பேசினார், நான் வீடியோ எடுத்து அன்றைக்கே போட்டேன், நிறையப் பேர் பகிர்ந்தார்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் வேலை செய்கிற வீட்டிலும் பார்த்திருக்கிறார்கள். "நீ போராட்டத்துக்கெல்லாம் போறியா?" என்று ஒரு கேள்வி, அடுத்த மாதத்திலிருந்து வேலை இல்லை. வேறு வீடு கிடைக்க ஏழு வாரம் ஆயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை, இன்னும் கூட்டத்துக்கு வருகிறார், ஆனால் கேமரா தெரிந்தால் தலையில் முந்தானை ஏறுகிறது. இப்போது முதுகுப் பக்கம், கைகள், உடைந்த சுவர் இவைதான் எடுக்கிறோம். முகம் வேண்டுமென்றால் அவரிடம் கேட்டு, யார் யார் பார்ப்பார்கள் என்று சொல்லி, ஒரு நாள் யோசிக்க விட்டு, அப்புறம்தான் போடுகிறோம்.

ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு எழுதும்போது 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஆவணத்தைத்தான் தரும், விளக்கத்தைத் தராது. வேலை உத்தரவின் நகல், அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) நகல், பில், ஒப்பந்ததாரர் பெயர் என்று கேளுங்கள். கர்நாடகத்தில் ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள், கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இந்த இரண்டாவது 30 நாளைத்தான் எல்லாரும் கோட்டை விடுகிறோம், காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். எந்த அலுவலகத்துக்கு எழுதுகிறோம் என்பதையும் பாருங்கள்: சாக்கடைக் குழாய் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, மழைநீர்க் கால்வாய் மாநகராட்சியின் பொறுப்பு. 2025 செப்டம்பரில் மாநகராட்சியையும் ஐந்தாகப் பிரித்துவிட்டார்கள், பழைய 198 வார்டு நம்பரை எழுதினால் காகிதம் ஊர் சுற்றும். தப்பான அலுவலகத்துக்கு ஆர்.டி.ஐ. போய்விட்டாலும் ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை, சாதாரண மனுவுக்கு இந்த வசதி இல்லை.

வாட்ஸ்ஆப் குரூப்பைப் பற்றி என்ன சொல்வது? குட்மார்னிங் படத்துக்குள் கூட்டத் தேதி புதைந்துவிடும். அட்மின் மட்டும் எழுதுகிற மாதிரி இன்னொரு குரூப் வைத்துக்கொள்ளுங்கள்.

பணக் கணக்கை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி, சங்கத்து அக்கா ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள், நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். பத்து ரூபாய் கொடுத்தவர் பெயரும் அதில் இருக்க வேண்டும். போன கூட்டம் மத்தியானம் மூன்றரைக்கு, அங்கன்வாடித் திண்ணையில், 43 பேர், முனை வீட்டு அம்மா வீட்டிலிருந்து டீ. செலவு போக 340 ரூபாய் மிச்சம். அதை மேல்முறையீட்டுக்கு ஜெராக்ஸ் எடுக்க வைத்திருக்கிறோம், சுவர் இன்னும் பாதிதான் கட்டியிருக்கிறார்கள்.