ஓடும்போதே அணையும் பழைய கேம்பர் வேன்

பாயின்ட் (ஸ்பார்க் உண்டாக காயில் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனை) வைத்த பெட்ரோல் இன்ஜின் என்றால், அணைந்த உடனே சோதியுங்கள். ஆறியபின் பழுது ஒளிந்துகொள்ளும்.

முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். ‘உஸ்’ என்று காற்றை உள்ளிழுத்தால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் சாவியைப் போட்டு, ஸ்பார்க்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலின் பிளஸ் முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். பூஜ்யம் காட்டினால் இக்னிஷன் சுவிட்ச், அதன் கனெக்டர், ஃபியூஸ். சாவியை லேசாக ஆட்டினால் தெரிந்துவிடும். பேலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்கு வரும் வோல்ட்டைக் குறைக்கும் மின்தடை) உள்ள வண்டியில் 6–9 வோல்ட் வருவது இயல்பு.

மின்சாரம் வந்தும் ஸ்பார்க் இல்லையா? பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், பாயின்டுக்குப் போகும் சிறு ஒயரைப் பாருங்கள். வாக்குவம் அட்வான்ஸ் (இன்ஜினின் உறிஞ்சலால் ஸ்பார்க் நேரத்தை முன்தள்ளும் அமைப்பு) பாயின்ட் இருக்கும் தட்டைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் அது மடங்கும். மேலுறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் அறுந்திருக்கும். மெதுவாக இழுங்கள்: ரப்பர் போல நீண்டால் மாற்றிவிடுங்கள். அதுவும் சரியென்றால் கண்டென்சர் (பாயின்டில் பொறி பறப்பதைக் குறைக்கும் சிறு மின்தேக்கி), பிறகு காயில்.