பழைய மடிக்கணினி வீட்டு வைஃபையில் சேர மறுத்தால்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011-இல் தொடங்கியது. அப்போது பள்ளியில் படித்த பிள்ளைகள் இருந்த தஞ்சை, திருவாரூர் மாவட்ட வீடுகள் பலவற்றில் அப்படியொரு மடிக்கணினி இன்றும் பீரோவுக்குள் கிடக்கிறது. மன்னார்குடியில் என் அக்கா வீட்டில் இருந்தது, புதிதாக ஃபைபர் இணைப்புப் போட்ட அன்று வைஃபையில் சேரவே இல்லை. போட வந்தவர், "பெட்டி பழசுங்க, மாத்திடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மாற்றவில்லை, ரூட்டரில் இரண்டு அமைப்புகளைத் திருத்தியதும் சரியாகிவிட்டது.

கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்ப அடிப்பதற்கு முன், திரையின் வலது கீழ் மூலையிலுள்ள வைஃபை குறியைச் சொடுக்கி, பட்டியலில் என்னென்ன பெயர்கள் தெரிகின்றன என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதைப் பொறுத்தது.

படி 1: எந்தப் பெயருமே தெரியவில்லை.
பழைய மடிக்கணினிகள் சிலவற்றின் முன்விளிம்பில் வைஃபைக்கென நகத்தால் தள்ளும் சிறு சுவிட்ச் இருக்கும். பையில் வைத்து எடுக்கும்போதே அது நகர்ந்துவிடும். சுவிட்ச் இல்லையெனில், எஃப்என் விசையுடன், செல்போன் கோபுரம் போன்ற படம் போட்ட விசையை அழுத்துங்கள்.

படி 2: பக்கத்து வீட்டுப் பெயர்கள் தெரிகின்றன, உங்களுடையது மட்டும் இல்லை.
பெரும்பாலும் கோளாறு இங்கேதான். புது ரூட்டர்கள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் இயங்கும். மடிக்கணினிக்குள் வைஃபையைப் பிடிக்கும் பாகமான வைஃபை அட்டை பழையதென்றால், பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள முகவரியை (பலவற்றில் 192.168.1.1) அதே வைஃபையில் உள்ள கைப்பேசியின் பிரவுசரில் அடித்து உள்ளே சென்று, 2.4-ஐ இயக்கி, அதற்குத் தனிப்பெயர் வையுங்கள். சேனல் (அந்த அலைவரிசைக்குள் உள்ள எண்ணிட்ட பிரிவு) 12 அல்லது 13 என்றிருந்தால் 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றாக மாற்றுங்கள்; சில பழைய அட்டைகள் அந்த இரண்டையும் தேடுவதே இல்லை. கும்பகோணம் பக்கத்துப் பழைய முற்றம் வைத்த வீடுகளின் கனத்த சுவர்களை 5-ஐவிட 2.4 நன்றாகவே தாண்டும் என்பதால், இந்த மாற்றத்தால் கொல்லைப்புற அறைக்கும் நன்மைதான்.

படி 3: பெயர் தெரிகிறது, கடவுச்சொல்லும் சரி, ஆனால் சேரவில்லை.
மடிக்கணினியில் சேமித்திருக்கும் அந்தப் பெயரை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்ந்து பாருங்கள். அப்போதும் மறுத்தால், ரூட்டரின் பாதுகாப்பு அமைப்பில் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பு முறை இருக்கிறதா என்று பார்த்து, அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2, அதில் ஏஇஎஸ் என்ற குறியாக்கம் என்று மாற்றுங்கள். டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த அமைப்பிலும் சில பழைய அட்டைகள் தடுமாறும். பாதுகாப்பையே எடுத்துவிட்டுத் திறந்து வைக்கும் யோசனை மட்டும் வேண்டாம்.

படி 4: சேர்ந்துவிட்டது, ஆனால் இணையதளங்கள் திறக்கவில்லை.
தேதியைப் பாருங்கள். அக்கா வீட்டு மடிக்கணினி, பல ஆண்டுகளுக்கு முந்தைய ஜனவரி 1-ஐக் காட்டிக்கொண்டிருந்தது; தேதி தவறினால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களைப் பிரவுசர் ஏற்காது. ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் தேதி பின்னோக்கிப் போனால், உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று பொருள்.

இவ்வளவுக்கும் அசையவில்லையென்றால் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கலாம். உங்கள் விண்டோஸ் பதிப்பு அதன் பெட்டியில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.