கெமெஞ்சேயிலிருந்து மலாக்காவும் அதன் கடலோர ஊர்களும்: குடும்பத்தோடு போய்வர

நெகிரி செம்பிலானில் உள்ள கெமெஞ்சே பக்கமிருந்து மலாக்காவுக்குப் போய்வந்த தோட்டத்துக் குடும்பங்கள் திரும்பி வந்து சொல்லும் குறை இரண்டு. வெயில் தாங்கவில்லை என்பது ஒன்று. கடலையே பார்க்கவில்லை என்பது மற்றொன்று. பத்து மணிக்கு வேன் ஏறி, உச்சி வெயிலில் கோட்டையில் நடந்து, இருட்டியபின் கடலைத் தேடினால் இரண்டும் நடக்கும். காலையில் நகரம், மதியம் நிழல், மாலையில் கடல் என்று வரிசையை வைத்துக்கொள்ளுங்கள்.

கெமெஞ்சேயிலிருந்து தம்பின், அலோர் காஜா வழியாக மலாக்கா சுமார் 60 கிலோமீட்டர். ஆறு மணிக்கு வண்டி நகர்ந்தால் ஏழரைக்குள் நகரத்தில் இருக்கலாம். பசியாற ஜாலான் பெண்டஹாரா பக்கம் போங்கள், நம்மவர் கடைகள் அங்கே உண்டு. வண்டி இல்லாதவர்கள் தம்பினிலிருந்து பேருந்தில் மலாக்கா சென்ட்ரல் போய், அங்கிருந்து கோட்டை இருக்கும் பண்டா ஹிலிருக்கு கிராப் வாடகைக் கார் எடுக்கலாம்; சுமார் 5 கிலோமீட்டர்தான். ரயிலை நம்ப வேண்டாம். தம்பினை ஒட்டிய பூலாவ் செபாங்கில் நிலையம் இருக்கிறதே தவிர, மலாக்கா நகரத்துக்கு ரயில் பாதை இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்து, சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனான். நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொண்டுபோனதும் அதே பாதைக்குத்தான். தம்பினைக் கடக்கும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

வண்டியைப் பண்டா ஹிலிரில் ஏதாவது பேரங்காடிக் கார் நிறுத்தத்தில் ஒரே தடவை நிறுத்திவிடுங்கள். பழைய நகரத்துச் சந்துகள் குறுகல், பெரும்பாலும் ஒருவழி. இடத்துக்கு இடம் வண்டியை எடுத்தால் பாதி நாள் வண்டிக்குள்ளேயே போய்விடும். பார்க்க வேண்டியவை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன.

கோட்டை வாசலுக்கு மேலே உள்ள செயின்ட் பால் மேட்டை முதலில் ஏறுங்கள். எட்டு மணிக்குப் படியில் இன்னும் நிழல் இருக்கும்; பதினொன்றுக்குக் கல் சுடும். போர்த்துகீசியர் 1511இல் நகரத்தைப் பிடித்ததும் கட்டிய கோட்டையில் இன்று மிஞ்சியிருப்பது சந்தியாகோ வாசல் ஒன்றுதான். மற்றதை 1807இல் ஆங்கிலேயர் இடித்துத் தள்ளினார்கள். உள்ளே நுழையுமுன் வாசலுக்கு மேலே நிமிர்ந்து பாருங்கள்: கல்லில் கப்பலோடு ஒரு சின்னம், 1670 என்ற ஆண்டு. கட்டியவன் போர்த்துகீசியன், 1641இல் பிடித்த டச்சுக்காரன் தன் முத்திரையை அதன்மேல் பதித்திருக்கிறான். இந்த ஒரு கல்லைக் காட்டினால் பிள்ளைகளுக்கு மலாக்காவின் பாதிக் கதை புரிந்துவிடும். கோட்டையை ஒட்டிக் கடல் இருந்த காலமும் உண்டு. பிறகு கடலில் மண் கொட்டித் தூர்த்துக்கொண்டே போனதால் கரை தள்ளிப் போய்விட்டது. நகரத்தில் கடல் கண்ணில் படாததற்குக் காரணம் அதுதான்.

மேலே கூரையில்லாத செயின்ட் பால் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு, மறுபக்கம் சிவப்புக் கட்டடங்கள் பக்கம் இறங்குங்கள். முட்டிவலி உள்ள பெரியவர்கள் கீழேயே சுற்றிவந்து அங்கே சேர்ந்துகொள்ளலாம். ஆற்றுப் பாலத்தைக் கடந்து ஜாலான் துக்காங் எமாஸ் போக வேண்டும். பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தில் நண்பகலில் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள். 1781இல் எழுந்த கோயில். அதே தெருவில் சிறிது தூரத்தில் கம்போங் கிளிங் பள்ளிவாசல், அதன் தொடர்ச்சியான ஜாலான் தோக்கோங்கில் சீனர்களின் செங் ஹூன் தெங் கோயில். மாசி மகத்தன்று விநாயகர் ஆலயத்திலிருந்துதான் முருகன் ரதம் செங் என்ற ஊரில் உள்ள சன்னாசிமலைக்குப் புறப்படும். அன்று இந்தப் பக்கம் வண்டியோடு வராதீர்கள்.

பலரும் விட்டுவிடும் இடம் காஜா பெராங்கில் உள்ள செட்டி கம்பம், அதாவது செட்டிகளின் குடியிருப்பு. மலாக்கா செட்டிகளை நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் சுல்தான் காலத்திலேயே வணிகம் செய்ய வந்து இங்கேயே மணமுடித்துத் தங்கியவர்களின் வழிவந்தவர்கள். பேச்சு மலாய், சாமி நம் சாமி. போகியன்று முன்னோருக்கு இலை போட்டுப் படைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. தோட்டத்துக்கு நாம் வந்த கதைக்குச் சில நூறு ஆண்டுகள் முந்திய தமிழர் கதை இது. சிறிய அருங்காட்சியகமும் இருக்கிறது. நகரத்தின் அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமை மூடியிருக்கும், ஆகவே அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது. இங்கே வீடுகளுக்குள் ஆட்கள் வாழ்கிறார்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

மதியம் வாழையிலைச் சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு. ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்தான். அது வேண்டுமென்றால் இரவு நகரத்தில் தங்க வேண்டியிருக்கும்.

கடலுக்குப் போகுமுன் பார்க்க வேண்டியது அலை அட்டவணை. மலாக்கா நீரிணையில் ஒரு நாளைக்குப் பொதுவாக இரண்டு முறை தண்ணீர் ஏறும், இரண்டு முறை வற்றும். அந்த நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். போன மாதம் ஐந்து மணிக்கு இடுப்பளவு தண்ணீர் இருந்த இடம் இந்த வாரம் அதே ஐந்து மணிக்குச் சேறாகக் கிடக்கலாம். ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய், உச்சம் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளைகளைக் கரையேற்றிவிடுங்கள். வற்றும் தண்ணீர் வெளியே இழுக்கும்.

குளிக்க நகரத்துக்கு வடமேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் தஞ்சோங் பிடாரா, அதை அடுத்து பெங்காலான் பாலாக். மஸ்ஜிட் தானா டவுனில் தண்ணீரும் சாப்பாடும் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு போத்தல் வினிகரும் வையுங்கள். சொறிமுட்டை (ஜெல்லி மீன்) பட்டால் மணலைப் போட்டுத் தேய்ப்பதும், குழாய்த் தண்ணீர் ஊற்றுவதும் நஞ்சைக் கூட்டும். வினிகரைத் தாராளமாக ஊற்றி, ஒட்டியிருக்கும் இழையைக் குச்சியால் எடுத்துவிட்டு, மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். பக்கத்தில் பாடாங் கெமுந்திங்கில் அழுங்காமைகள் முட்டையிட வரும். இரவில் கரையில் நடந்தால் டார்ச் அடிக்காதீர்கள். வெளிச்சத்தைக் கண்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும்.

இரண்டாம் நாள் இருந்தால் கோலா லிங்கி பாலத்தைத் தாண்டி தஞ்சோங் துவான். சுற்றிலும் நெகிரி செம்பிலான், இந்த முனை மட்டும் மலாக்காவுக்குச் சொந்தம். கலங்கரை விளக்கு வரை ஏற்றமான தார்ச்சாலை, மெதுவாக நடந்தால் அரை மணி நேரம். பிப்ரவரி கடைசி முதல் மார்ச் முழுக்க சுமத்ராவிலிருந்து தேன்பருந்துகள் கூட்டமாக வடக்கே திரும்பும். அவை சிறகடிக்காமல் தரையிலிருந்து எழும் வெப்பக் காற்றில் மிதந்து போகிறவை. கடல்மேல் அந்தக் காற்று இல்லாததால் நீரிணை குறுகலாக இருக்கும் இடம் பார்த்துக் கடக்கின்றன. கரை சேரும்போது களைத்துத் தாழ்ந்து, தலைக்கு மேலேயே வரும். வெயில் ஏறியபின், பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருங்கள். சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் எடுத்துப் போகாதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும்.

அங்கிருந்து தெலுக் கெமாங், போர்ட்டிக்சன் கடற்கரைகள் பக்கம்தான். ஞாயிற்றுக்கிழமையென்றால் நான்கு மணிக்கு முன்பே கிளம்புங்கள். மாலையில் அந்தச் சாலை நகராது. திரும்பும்போது போர்ட்டிக்சன் டவுன் பக்கம் போகாமல், வந்த வழியே மஸ்ஜிட் தானா, அலோர் காஜா, தம்பின் என்று பிடித்தால் நெரிசல் குறைவு.