ஒரு மணித்தியால உழைப்பின் விலை: நாட்டுக்கு நாடு ஒப்பிடுவது எப்படி

திருகோணமலையில் ஒரு தையல் ஆலையில் சம்பளக் கணக்கு பார்க்கிறேன். ஐரோப்பாவில் உற்பத்திக் கூலியை ஒப்பிட்டுத் தரச் சொன்னார்கள். டென்மார்க்கில் ஆலை வேலை செய்யும் மச்சானின் சம்பளச் சீட்டையும், ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டின் அட்டவணையில் பல்கேரியாவுக்கு இருந்த எண்ணையும் பக்கத்தில் வைத்துக் கழித்தேன். பிழை. மச்சானுடையது கைக்கு வரும் காசு, மற்றது முதலாளிக்கு ஆகும் மொத்தச் செலவு.

நம்மூர்க் கணக்கிலேயே இது விளங்கும். ஒருவருக்குச் சம்பளம் 50,000 ரூபாய் என்றால், ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் வெட்டி 46,000தான் கையில் கிடைக்கும். முதலாளியோ அதே நிதிக்கு 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 சதவீதமும் மேலதிகமாகக் கட்டுகிறார். அவருக்கு ஆவது 57,500. ஆகவே எந்த எண்ணை எடுத்தாலும் முதலில் கேளுங்கள்: இது 46,000ஆ, 50,000ஆ, 57,500ஆ?

ஐரோப்பாவில் இந்த இடைவெளி நாட்டுக்கு நாடு மாறும். 2024இல் பிரான்ஸில் மொத்தச் செலவில் ஏறக்குறைய 32 சதவீதம் சம்பளம் அல்லாத பகுதி. ருமேனியாவில் 5 சதவீதமளவுதான். 2018இல் அங்கே முதலாளி கட்டிய பங்கில் பெரும்பகுதியைத் தொழிலாளியின் பக்கம் மாற்றினார்கள், சம்பளம் தாளில் உயர்ந்தது. சம்பளத்தை மட்டும் பார்ப்பவர் ஏமாறும் இடம் இது.

அடுத்தது துறை. 2024இல் மணித்தியாலத்துக்கு பல்கேரியா 10.6 யூரோ, லக்சம்பேர்க் 55.2, ஐரோப்பிய ஒன்றியச் சராசரி 33.5 என்பதெல்லாம் பல துறைகளைச் சேர்த்த கணக்கு. லக்சம்பேர்க்கில் வங்கிகள் நிறைய என்பதை மறக்க வேண்டாம். உற்பத்திக்கு மட்டும் வேண்டுமென்றால் அட்டவணையில் ‘சி’ (C) என்ற பிரிவைத் தேடுங்கள்.

சரி, மலிவான நாடு கிடைத்துவிட்டதா? இன்னும் இல்லை. மணிக்கு 50 யூரோ வாங்குபவர் 100 துண்டு முடிக்கிறார், 10 யூரோ வாங்குபவர் 15 துண்டு முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். துண்டுக்கு முதலாமவர் 50 சதம், இரண்டாமவர் 67 சதம். மேசையில் இருக்கும் இயந்திரத்தைப் பாராமல் கூலியை மட்டும் பேசுவது, உழைப்பவருக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

டென்மார்க்குக்கு யூரோ இல்லை, குரோனர். மாற்று விகிதத்தையும் அதே ஆண்டுக்கு எடுங்கள்.

இப்போது என் தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் மேலே ஆண்டு, துறை, உள்ளே என்னென்ன சேர்ந்தது என்று எழுதுகிறேன். மூன்றில் ஒன்று வெறுமையாக இருந்தால் அந்த எண்ணைக் கழிப்பதில்லை.